ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் ஆகிய வேலைகள் நடக்கும் கடையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்றில் விண்டோஸ் 11, மற்றொன்றில் விண்டோஸ் 10. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்கள் வழியாகத் தொற்று வந்து, ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. பழுது பார்க்க வந்தவர் இரண்டு ஆன்டிவைரஸ்களைச் சேர்த்து நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். கணினி மெதுவானதுதான் மிச்சம், தொற்று போகவில்லை. டிஃபெண்டர் போதுமா, அல்லது குவிக் ஹீல், கே7, கேஸ்பர்ஸ்கி, மால்வேர்பைட்ஸ் ஆகியவற்றில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியான பதில் இது: அன்றாடக் காவலுக்கு விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டர் போதும், ஆனால் அதன் சில அமைப்புகளை நீங்களே இயக்கிவிட வேண்டும். ஏற்கெனவே புகுந்துவிட்டதை நீக்குவதற்குக் காவல் கருவியை நம்பியிராமல், வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனரைக் கொண்டு ஒரு முறை துடைக்க வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை. பழுது பார்த்தவர் நிறுவிய இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் நிகழ்நேரக் காவலில் இருந்தால், ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் தனித்தனியே பிடித்து நிறுத்திச் சோதிக்கும். ஒன்று பிடித்து அடைத்துவைத்ததை மற்றொன்று தொற்று என்று எச்சரிப்பதும் உண்டு. உங்கள் கணினி மெதுவானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கருவிகளை ஒப்பிடும்போது பலர் தடுமாறுவதற்குக் காரணம், மூன்று வேறு வேலைகளை ஒரே மதிப்பெண்ணில் அடக்கப் பார்ப்பதுதான். உள்ளே வரும்போதே தடுப்பது ஒரு வேலை. ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. கண்டுபிடித்ததை, மற்ற கோப்புகளுக்கும் இயங்குதளத்துக்கும் சேதமில்லாமல் வேரோடு எடுப்பது மூன்றாவது. முதல் வேலையில் கெட்டிக்காரக் கருவி மூன்றாவதில் சொதப்பலாம். ஆய்வகங்கள் பெரும்பாலும் அளப்பதோ முதல் வேலையைத்தான்.

ஜெர்மனியின் மக்டபுர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் நிறுவனம், பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பயன்பாட்டு எளிமைக்கு 6 என மொத்தம் 18 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கிறது. பயன்பாட்டு எளிமை என்று அவர்கள் சொல்வது, நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடிக்காமல் இருப்பதை. பெயர் பெற்ற கருவிகள் பலவும், டிஃபெண்டர் உட்பட, கடந்த சில ஆண்டுகளாக 18-க்கோ அதற்கு மிக அருகிலோதான் வாங்குகின்றன. எனவே அந்தப் பட்டியலில் முதலிடம் யார் என்று பார்ப்பதில் பெரிய பயனில்லை. நன்கு கீழே இருப்பவர் யார் என்று பார்த்து ஒதுக்குவதற்கே அது உதவும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் வெளியிடும் அறிக்கைகள் உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். இணைய இணைப்பு இருக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது, இணைப்பைத் துண்டித்துவிட்டால் எவ்வளவு பிடிக்கிறது என்று அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். டிஃபெண்டரின் பலவீனம் அங்கேதான் வெளிப்படுகிறது: இணைப்பு இருக்கும்போது முன்னணிக் கருவிகளோடு சமமாக நிற்கும் அது, இணைப்பு இல்லாதபோது தெளிவாகப் பின்தங்குகிறது. சந்தேகத்துக்குரிய கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்டின் கிளவுட் சர்வர்களிடம் கேட்டு முடிவெடுக்கும் முறையை அது பெரிதும் நம்பியிருப்பதே காரணம். நெட் அடிக்கடி போகும் கடைக்கு இது சின்ன விஷயமல்ல.

டிஃபெண்டரைப் பற்றிப் பலரிடம் இன்னும் பழைய அபிப்பிராயமே இருக்கிறது. அது நியாயமாகத் தோன்றிய காலம் உண்டு. 2004 இறுதியில் ஜயண்ட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து தொடங்கும் இந்தக் கருவி, விண்டோஸ் விஸ்டா காலத்தில் உளவு மென்பொருளை மட்டுமே பார்த்தது. முழு ஆன்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்தே வந்தது 2012-இல் வெளியான விண்டோஸ் 8-இல்தான். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் சோதனைகளில் கடைசி வரிசையில்தான் இருந்தது. இன்றைய நிலைமை அதுவல்ல. ஆனால் அதை அப்படியே விட்டுவிடாமல், விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். தொற்று வந்து ஆன்டிவைரஸையே அணைத்துவிடாமல் தடுக்கும் டேம்பர் புரொடெக்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். வேண்டாத விளம்பர மென்பொருள்களைத் தடுக்கும் அமைப்பு, நன்மதிப்பு அடிப்படையிலான பாதுகாப்பு என்ற பகுதிக்குள் இருக்கிறது, அதையும் இயக்குங்கள். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தொற்று) பகுதியில் உள்ள ஃபோல்டர் பாதுகாப்பை இயக்கினால், அனுமதி பெறாத நிரல்கள் உங்கள் ஆவணங்களில் கைவைக்க முடியாது. ஓரிரு நாள் உங்களுடைய சொந்த மென்பொருள்களும் தடுக்கப்பட்டுத் தொல்லை தரும், அவற்றுக்கு ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

உங்கள் கடைக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒரு விவரம் பெரும்பாலானோர் கவனத்துக்கு வருவதில்லை. டிஃபெண்டரில் முழு ஸ்கேன் கொடுத்தாலும், இயல்பான அமைப்பில் அது பென் டிரைவ்களைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. பென் டிரைவில் ஒரு கோப்பை நீங்கள் திறக்கும் கணத்தில் நிகழ்நேரக் காவல் அதைச் சோதிக்கும், அவ்வளவுதான். ஆகவே டிரைவைச் செருகியதும் திறக்காமல், அதன் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டர் ஸ்கேனைக் கொடுத்துவிட்டு, முடிந்த பிறகு திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஷார்ட்கட் தொற்றுக்கு வருவோம். எந்தக் கருவி ஏன் தோற்கிறது என்பது இதில் நன்றாகவே தெரியும். அந்த பென் டிரைவில் உங்கள் ஃபோல்டர்கள் அழிந்துவிடவில்லை. தொற்று அவற்றுக்கு மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு பண்புகளையும் ஏற்றிவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை உருவாக்கிவைக்கிறது. அந்த ஷார்ட்கட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டார்கெட் என்ற வரியைப் பாருங்கள். உண்மையான ஃபோல்டரின் பாதைக்குப் பதிலாக விண்டோஸின் கமாண்ட் நிரலோ ஸ்கிரிப்ட் நிரலோ அங்கே இருக்கும். அதன் பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரும், கடைசியில் உங்கள் ஃபோல்டரைத் திறக்கும் கட்டளையும் ஒட்டியிருக்கும். கிளிக் செய்தால் முதலில் ஸ்கிரிப்ட் ஓடும், அடுத்த நொடியில் ஃபோல்டரும் திறக்கும். கேட்டது கிடைத்துவிடுவதால் வாடிக்கையாளருக்கும் உங்களுக்கும் சந்தேகமே வராது. வேறு சில வகைகள், எல்லாக் கோப்புகளையும் பெயரே இல்லாதது போலத் தோன்றும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். அதன் பெயர் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து.

அந்த ஸ்கிரிப்ட் ஒரு முறை ஓடிவிட்டால், கணினியின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தன்னை நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கும்படி ஸ்டார்ட்அப்பிலோ, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலோ, டாஸ்க் ஷெட்யூலரிலோ பதிவு செய்துகொள்கிறது. பிறகு புதிதாகச் செருகப்படும் ஒவ்வொரு டிரைவுக்காகவும் காத்திருக்கிறது. அதனால்தான் பென் டிரைவை நூறு முறை ஃபார்மட் செய்தாலும், அதே கணினியில் மறுபடி செருகியதும் ஷார்ட்கட்கள் திரும்ப வந்துவிடுகின்றன. முதலில் கணினியைச் சுத்தம் செய்ய வேண்டும், அதன் பிறகே டிரைவை. இந்த வரிசையை மாற்றிச் செய்வதுதான், எந்த ஆன்டிவைரஸ் போட்டும் போகவில்லை என்ற புகாரின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இத்தகைய தொற்றில் ஆன்டிவைரஸின் வேலை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். ஸ்கிரிப்ட் கோப்பை அது நீக்கிவிடும். ஆனால் மறைக்கப்பட்ட ஃபோல்டர்களை மறுபடி வெளியே கொண்டுவருவது தன் வேலை என்று பல கருவிகள் நினைப்பதில்லை. ஷார்ட்கட்டும் போய், ஃபோல்டரும் தெரியாமல், டிரைவ் காலியாகக் காட்சியளிக்கும்போது, ஆன்டிவைரஸ் என் கோப்புகளை அழித்துவிட்டது என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். மறைந்த கோப்புகளைக் காட்டு என்ற அமைப்பை மட்டும் இயக்கினால் அவை தெரியாது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை என்ற தேர்வையும் எடுத்துவிட வேண்டும். அப்போது ஃபோல்டர் மங்கலாகத் தெரியும், ஆனால் ப்ராப்பர்டீஸில் மறைவு என்ற கட்டம் மாற்ற முடியாதபடி சாம்பல் நிறத்தில் இருக்கும், ஏனெனில் சிஸ்டம் பண்பும் கூடவே ஏறியிருக்கிறது. அட்ரிப் (attrib) என்ற பழைய டாஸ் கட்டளையைக் கமாண்ட் சாளரத்தில் கொடுத்து இரண்டு பண்புகளையும் ஒருசேர இறக்கினால்தான் ஃபோல்டர் பழைய நிலைக்கு வரும். எந்தச் சந்தாவும் இல்லாமல் விண்டோஸிலேயே இருக்கும் இந்தக் கட்டளைதான், ஷார்ட்கட் நீக்கி என்று இணையத்தில் விநியோகிக்கப்படும் பல சிறு மென்பொருள்கள் உள்ளுக்குள் செய்யும் வேலையும். தெரியாத இடத்திலிருந்து அவற்றை இறக்குவதைவிட இந்த ஒரு கட்டளையைக் கற்றுக்கொள்வது மேல்.

பென் டிரைவ் தொற்றுப் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற தொற்று, டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதியையும் ஒரு வழியாகப் பயன்படுத்தியது. 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவுக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தானாக ஓட முடியாமல் போனதால்தான் மனிதரைக் கொண்டே கிளிக் செய்யவைக்கும் ஷார்ட்கட் உத்தி செழித்தது. 2021-இல் கண்டறியப்பட்ட ராஸ்ப்பெரி ராபின் என்ற தொற்று அதே ஷார்ட்கட்டைத்தான் பயன்படுத்துகிறது. அது நுழைந்த நிறுவனக் கணினிகளில் பின்னாலேயே ரான்சம்வேர் கும்பல்கள் நுழைந்ததை 2022-இல் மைக்ரோசாஃப்ட் ஆவணப்படுத்தியது.

நீக்கும் கருவிகளை இனி ஒப்பிடலாம். இவை நிகழ்நேரக் காவலில் இருப்பவை அல்ல. கூப்பிட்டால் வந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறவை. ஆகவே டிஃபெண்டரோடு மோதல் வராது. மைக்ரோசாஃப்டே இரண்டு தருகிறது. 2005 ஜனவரி முதல் விண்டோஸ் அப்டேட்டோடு மாதந்தோறும் சத்தமில்லாமல் வந்து ஓடும் மலிஷியஸ் சாஃப்ட்வேர் ரிமூவல் டூல், பரவலாக உலவும் குறிப்பிட்ட சில வைரஸ் குடும்பங்களை மட்டுமே தேடும். அதை முழு ஸ்கேனராக எண்ணிவிடக் கூடாது. சேஃப்டி ஸ்கேனர் என்ற மற்றொன்று முழுமையானது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், மறுபடி புதிதாக இறக்க வேண்டும். ஆனால் அது டிஃபெண்டரின் அதே கண்ணைக் கொண்டு பார்ப்பது. டிஃபெண்டர் தவறவிட்டதை இதுவும் தவறவிட வாய்ப்பு அதிகம் என்பதால், இரண்டாம் கருத்துக்கு வேறு நிறுவனத்திடம் போவதே நல்லது.

மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, விளம்பர மென்பொருள், பிரவுசரைக் கடத்தும் நீட்சிகள், நல்ல நிரல் போல நடித்து நுழையும் டிரோஜன்கள், அவை ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற தடங்கள் ஆகியவற்றைத் துடைப்பதில் உண்மையிலேயே திறமையானது. நிறுவும்போது 14 நாள் பிரீமியம் சோதனைக் காலத்தைத் தொடங்கச் சொல்லும். அதைத் தவிர்த்துவிட்டால் ஸ்கேன் வசதி மட்டும் தங்கும். அதே நிறுவனம் 2016-இல் வாங்கிய ஆட்வ்கிளீனர், நிறுவவே தேவையில்லாத சிறிய நிரல். குரோமில் தேடினால் வேறு ஏதோ தேடுபொறி திறக்கிறது என்ற வகைப் புகார்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் மால்வேர்பைட்ஸ் கைகொடுக்காத ஓர் இடம் இருக்கிறது: கோப்புகளுக்குள்ளேயே தன் குறியீட்டைச் செருகிப் பரவும் அசல் வைரஸ்கள். சாலிட்டி, வைரட், ராம்னிட் போன்றவை ஒரு கணினியில் ஆயிரக்கணக்கான நிரல் கோப்புகளைத் தொற்றிவிடும். ராம்னிட் இணையப் பக்கக் கோப்புகளையும் விடாது. இங்கே தொற்றிய கோப்பை நீக்குவது தீர்வல்ல, ஏனென்றால் அது உங்கள் பிரிண்டர் மென்பொருளின் கோப்பாகவே இருக்கலாம். உள்ளே செருகப்பட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கோப்பைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரபான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. கேஸ்பர்ஸ்கியின் வைரஸ் ரிமூவல் டூல், இசெட் ஆன்லைன் ஸ்கேனர் ஆகியவை இலவசமாகவே இதைச் செய்யும். முன்னது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது, ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். பின்னதற்கு இணைய இணைப்புக் கட்டாயம். எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் பென் டிரைவிலிருந்தே ஓடும் நல்ல கருவி, ஆனால் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். உங்களுடையது கடை என்பதால், இலவசம் என்று சொல்லும் எந்தக் கருவியின் நிபந்தனையையும் ஒரு முறை படித்துவிட்டு இறக்குங்கள்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகைகளுக்கு இவை எதுவும் போதாமல் போகலாம். 2010 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் ஒரு பாதுகாப்பு அப்டேட்டை நிறுவிய கணினிகள் பல நீலத் திரையோடு நின்றுபோயின. ஆராய்ந்தபோது, அவற்றில் அலூரியான் என்ற ரூட்கிட் ஏற்கெனவே புகுந்திருந்ததும், அப்டேட் மாற்றியமைத்த கெர்னலோடு (விண்டோஸின் மையப் பகுதி) அது பொருந்தாமல் போனதும் தெரியவந்தது. அந்தக் கணினிகளின் உரிமையாளர்கள் அதுவரை எதையும் உணரவில்லை. இத்தகையவற்றுக்கு விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஸ்கேன் செய்ய வேண்டும். டிஃபெண்டரிலேயே ஆஃப்லைன் ஸ்கேன் என்ற தேர்வு இருக்கிறது. கணினி மறுபடி தொடங்கி, சுமார் 15 நிமிடம் ஓடி, திரும்பி வரும். கேஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் போன்றவை லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பென் டிரைவிலிருந்தே கணினியை எழுப்பிச் சோதிப்பவை. டிரைவில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், இதைத் தொடங்கும் முன் மீட்புச் சாவியை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்பர்ஸ்கி என்றதும் எழும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் அமெரிக்க வர்த்தகத் துறை அதன் விற்பனையைத் தடை செய்தது. செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் தரக்கூடாது என்றது. ரஷ்ய அரசின் கைக்குள் வரக்கூடும் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்பட்டது. கண்டுபிடிக்கும் திறனில் குறை என்று யாரும் சொல்லவில்லை. சோதனைகளில் அது எப்போதும் மேல் வரிசையில்தான் இருந்திருக்கிறது. ஒரு முறை துடைப்பதற்கு அதன் கருவியைப் பயன்படுத்த நான் தயங்கமாட்டேன். அரசு அலுவலகக் கணினி என்றால் வேறு முடிவெடுப்பேன். ஆன்டிவைரஸ் என்பது கணினியின் எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அதிகாரம் பெற்ற மென்பொருள் என்பதால், தரும் நிறுவனம் எப்படிப்பட்டது என்பதும் ஒப்பீட்டின் பகுதியே. இலவசமாகத் தரும் அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றது வெளிப்பட்டு, 2020-இல் அந்தத் துணை நிறுவனத்தை மூட நேர்ந்தது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

இந்திய நிறுவனங்களில் புணேயின் குவிக் ஹீல், பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கி வளர்ந்தது; கே7 சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. இரண்டும் பென் டிரைவைச் செருகியதுமே ஸ்கேன் செய்வதை முதன்மை வசதியாக வைத்திருக்கின்றன. அழைத்தால் பேசித் தீர்க்கும் உதவி கிடைப்பது மற்றொரு வசதி. இவற்றுக்குக் காசு கொடுப்பது வீண் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வாங்கினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும் என்பதையும், சந்தா முடிந்ததும் புதுப்பிக்கவோ முழுமையாக நீக்கவோ வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலாவதியான ஆன்டிவைரஸ் ஓரத்தில் சின்னமாக நின்றுகொண்டிருக்கும் கணினியைவிட, எதுவுமே வாங்காமல் டிஃபெண்டர் ஓடும் கணினி பாதுகாப்பானது. மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, இந்திய நிறுவனங்களின் நீக்கும் கருவிகளை இலவசமாகவே தன் தளத்தில் வைத்திருக்கிறது; அதிகம் பேருக்குத் தெரிவதில்லை.

ஒரு கோப்பை மட்டும் சந்தேகப்பட்டால் வைரஸ்டோட்டல் இருக்கிறது. ஸ்பெயினில் 2004-இல் தொடங்கி, 2012-இல் கூகுளிடம் போன தளம். 70-க்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ் என்ஜின்கள் அந்தக் கோப்பைப் பார்த்துச் சொல்லும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்பில் காட்டினால் அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. முன்னணிப் பெயர்கள் பலவும் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் நம்பலாம். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பை, கட்டணம் கட்டிய ஆய்வாளர்கள் இறக்கிப் பார்க்க முடியும். வாடிக்கையாளரின் ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றைச் சோதிக்கிறேன் என்று ஏற்றிவிடாதீர்கள்.

தவறான எச்சரிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 21 ஒரு சாட்சி. மெக்அஃபி அன்று அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்துவிட, உலகெங்கும் அலுவலகக் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. எனவே எந்தக் கருவியிலும் டெலீட் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் குவாரன்டைன் (அழிக்காமல் அடைத்துவைப்பது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். தவறென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் சிகிளீனரையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பழுது பார்ப்பவர்கள் பலர் அதை வைரஸ் நீக்கியாக நினைத்து நிறுவுகிறார்கள். அது குப்பைக் கோப்பை அகற்றுவது மட்டுமே. 2017-இல் அதன் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ தீய குறியீட்டைச் செருகி, அது சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாத இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று ரான்சம்வேர். வைரஸை நீக்கினாலும் பூட்டிய கோப்புகள் திறக்காது. ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், உடைக்கப்பட்ட வகைகளுக்கான திறப்பான்கள் இலவசமாகக் கிடைக்கும். உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருள்களோடு பரவும் ஸ்டாப் அல்லது டிஜேவியு என்ற வகைக்கு எம்சிசாஃப்ட் 2019-இல் ஒரு திறப்பான் வெளியிட்டது. தொற்று தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் எல்லோருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டியிருந்தால் அது உதவக்கூடும், புதிய வகையாக இருந்து தனிச் சாவியால் பூட்டியிருந்தால் உதவாது. இரண்டாவது நிலை, பாஸ்வேர்டுகளைத் திருடும் வகை. அது ஓடிய சில நிமிடங்களிலேயே பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், லாகின் செய்த நிலையைத் தாங்கும் குக்கிகளையும் அனுப்பிவிடும். ஸ்கேன் முடிந்து எல்லாம் சுத்தம் என்று பச்சைக் குறி காட்டுவதால் திருட்டுப் போனது திரும்பாது. வேறொரு சுத்தமான கருவியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, எல்லா இடங்களிலும் லாக் அவுட் செய்ய வேண்டும். இந்த இரண்டிலும், சாலிட்டி போன்றது ஆயிரக்கணக்கில் பரவியிருந்தாலும், நான் ஸ்கேனர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன். ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவேன். கடைக் கணினிகளில் ஃபோட்டோஷாப்போ ஆபீஸோ கிராக் செய்து ஓடிக்கொண்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு ஆன்டிவைரஸுக்குக் காசு செலவழிப்பதில் பொருளில்லை. அந்தக் கிராக்கை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்தது நாமேதான்.

கடைசியாக, உங்கள் இரண்டு கணினிகளையும் எப்படிப் பிரிப்பது என்பது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரையாவது அதற்கு வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகளுக்கு நீட்டிப்புத் திட்டத்தில் தனியே சேர வேண்டும். எனவே ஆன்லைன் விண்ணப்பம், வங்கிக் கட்டணம், மின்னஞ்சல் எல்லாம் விண்டோஸ் 11 கணினியில் மட்டும் நடக்கட்டும். அதில் எந்த பென் டிரைவும் ஏறக் கூடாது. பென் டிரைவ் பிரிண்ட் வேலைக்கு விண்டோஸ் 10 கணினியை ஒதுக்கி, அதில் எந்த பாஸ்வேர்டும் சேமிக்காமல், நெட்டையும் கழற்றிவிடலாம். நெட் இல்லாத அந்த ஒரு கணினிக்கு டிஃபெண்டர் பொருத்தமானதல்ல. அங்கே மட்டும் கே7 அல்லது குவிக் ஹீல் ஒன்றுக்கு ஓர் ஆண்டுச் சந்தா கட்டி, அப்டேட்டுக்காக நாள்தோறும் கடை திறக்கும்போது சில நிமிடம் இணைப்புக் கொடுத்துக் கழற்றுங்கள். காசு கொடுப்பதென்றால் நான் கொடுக்கும் இடம் அது ஒன்றுதான்.